பின்வளவு வேலியில் மஞ்சள் பட்டைச் சிலந்தி: படம் கூர்மையாக வரவில்லை, என்ன செய்யலாம்?

வேலிப்பூ (பண்டாரவளை)

வணக்கம். பின்வளவில் காட்டுச் சூரியகாந்தி வேலிக்கும் போஞ்சிப் பந்தலுக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கு. தரையிலிருந்து இடுப்பளவு உயரம், வலை சுமார் ஒரு முழ அகலம். சிலந்தியின் வயிறு கேடயம் மாதிரி, மஞ்சளும் கபிலமும் குறுக்குப் பட்டையாக. தலைப்பக்கம் வெள்ளிப் பூச்சு பூசினாப்போல மினுங்குது. எந்நேரமும் தலைகீழாகத்தான் இருக்கு. எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறி மாதிரி நீட்டி வச்சிருக்கு. கால் நுனி தொடுகிற இடங்களில் தையல் மெஷினில் சிக்சாக் தையல் போட்டாப்போல வெள்ளைப் பட்டை.

கேள்விகள்:

இது என்ன சிலந்தி? பிள்ளைகள் விளையாடுகிற இடம், கடித்தால் ஆபத்தா?

திங்கட்கிழமை அந்த வெள்ளைப் பட்டை நாலு பக்கமும் இருந்தது. புதன்கிழமை கீழே இரண்டுதான். சிலந்திக்கு ஏதும் வருத்தமா?

படம் எடுப்பது போனில்தான். பத்துப் படம் எடுத்தால் ஒன்பதில் பின்னால் இருக்கிற போஞ்சி இலை தெளிவாக விழுது, சிலந்தி கலங்கிப் போகுது. மற்ற ஒன்றில் மஞ்சள் வெளிறி வெள்ளையாக இருக்கு. கிட்டப் போனால் வலையை ஆட்டுது, சில நேரம் தொப்பென்று விழுந்து காணாமல் போகுது. 90 மில்லிமீற்றர் மெக்ரோ லென்சோடு ஒரு கெமரா இரவல் கிடைக்கும். அதில் என்ன அளவுகள் வைக்கணும்?

---

எட்டுக்கண் (மாத்தளை)

சகோதரி, நீங்கள் விவரித்த விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. அது ஆர்கியோப் பேரினத்துப் பெண் சிலந்தி. வலையில் ஒப்பமிட்டது போல் பட்டை நெய்வதால் கையொப்பச் சிலந்தி என்பார்கள். நம் நாட்டில் ஆர்கியோப் அனசூயா, ஆர்கியோப் புல்கெல்லா இரண்டும் உண்டு. இரண்டையும் விவரித்துப் பெயரிட்டவர் சுவீடன் ஆய்வாளர் தோரெல். புல்கெல்லா 1881இல், அனசூயா 1887இல். முதுகுப் பட்டையை மட்டும் பார்த்து இது இன்னதுதான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஒரே இனத்திலேயே பட்டையின் அகலமும் மஞ்சளின் அடர்த்தியும் ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது மாறும். வயிற்றின் அடிப்பக்கப் படமும் வேண்டும். சரியாகத் தீர்க்க வேண்டுமானால், பெண்ணின் அடிவயிற்றில் முன்புறமாக இருக்கும் இனப்பெருக்கத் தகட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த அடிப்பக்கப் படம் எடுப்பது நினைப்பதைவிட எளிது. இந்த வலை நேர் செங்குத்தாக நிற்பதில்லை, லேசாகச் சாய்ந்திருக்கும். சிலந்தி சாய்வின் கீழ்ப்பக்கத்தில் தொங்கும். ஆகவே முதுகு ஒரு பக்கத்திலிருந்து தெரியும். எதிர்ப்பக்கம் போனால் வலை நூல்களின் ஊடாக அடிவயிறு தெரியும். கறுப்பு நிலத்தில் நீளவாக்கில் இரண்டு வெளிர்கோடுகள் இருக்கும். சிலந்தியைத் தொடாமல், வலையைத் திருப்பாமல், நீங்கள்தான் சுற்றிப் போக வேண்டும்.

கடியைப் பற்றி: கையில் பிடித்து நசுக்கினாலொழிய இது கடிக்காது. கடித்தாலும் தேனீ கொட்டினது போன்ற எரிவு, சிறு வீக்கம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை வைத்தால் போதும். தேனீக் கொட்டுக்கே உடம்பெல்லாம் தடிக்கிற, மூச்சு இழுக்கிற ஒவ்வாமை உள்ள பிள்ளையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நம் காடுகளில் பயப்பட வேண்டியது வேறு ஒன்று: சிங்களத்தில் திவி மகுளுவா என்று சொல்லும், மரப்பொந்தில் வாழும் மயிர் அடர்ந்த பெரிய புலிச்சிலந்தி. அதன் கடி கடும் வலியும் தசைப்பிடிப்பும் தரும். ஆனால் அது இப்படி வட்ட வலை கட்டி நடுவில் உட்காராது, குழப்பமே வராது.

பட்டை குறைந்தது வருத்தத்தால் அல்ல. ஒட்டும் சுருள் தூசி படிந்து பிசுக்குப் போனதும், சிலந்தி பழையதைச் சுருட்டித் தின்றுவிட்டுப் புதிதாக நெய்யும். தின்ற நூலின் புரதம் மறுபடி நூலாகிறது. புதிதாக நெய்யும் ஒவ்வொரு தடவையும் பட்டை எத்தனை கை என்பது மாறும். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, சில நாள் ஒன்றுமே இல்லை. குஞ்சுப் பருவத்தில் பெருக்கல் குறிக்குப் பதில் நடுவில் வட்டத் தட்டாக நெய்யும். அந்தப் பட்டை எதற்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. புற ஊதா ஒளியை அது நன்றாகத் திருப்பி அடிப்பதால் பூச்சிகளை இழுக்கிறது என்பார் ஒரு சாரார். பறவை வலையைக் கண்டு விலகிப் பறக்கட்டும் என்பதற்காக என்பார் இன்னொரு சாரார். எதிரிகளின் கண்ணுக்குச் சிலந்தியின் உருவத்தை மறைக்கிறது என்றும் ஒரு கருத்து உண்டு. மூன்றுக்கும் சான்றுகள் இருக்கின்றன.

ஒரு கொப்பியில் நாளும் நேரமும் போட்டு, மேல் இடம், மேல் வலம், கீழ் இடம், கீழ் வலம் என்று நாலு கட்டம் கீறி, எந்தக் கை இருக்கிறதோ அதில் அடையாளம் இடுங்கள். பக்கத்திலேயே அன்று வலையில் கண்ட இரை என்ன, முதல்நாள் மழையா என்று எழுதுங்கள். தனித்தனியாக நூறு படம் வைத்திருப்பதைவிட, ஒரே சிலந்தியின் முப்பது நாள் குறிப்பு பெறுமதியானது.

---

நிழல்தாள் (கண்டி)

படப்பிரச்சினைக்கு வாறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம், எல்லாத்துக்கும் காரணம் இருக்கு.

இலை தெளிவாக விழுவது. போனின் தானியங்கி போகஸ் சட்டத்துக்குள் எது பெரிசா, எது வரிவரியா இருக்கோ அதைப் பிடிக்கும். சிலந்தி வெறும் 1 சென்ரிமீற்றர் உடம்பு, சுத்தி வெறும் காற்று. பின்னால் போஞ்சி இலை நரம்பும் ஓரமுமா விரிஞ்சு கிடக்கு. அது இலையைத்தான் பிடிக்கும். செய்ய வேண்டியது: ஒரு கடதாசித் துண்டில் பேனையால் நாலு கோடு கீறி, வலைக்கு வெளியே, சிலந்தி இருக்கிற அதே தூரத்தில், வலையைத் தொடாமல் பிடிங்க. போன் திரையில் அந்தக் கோட்டின் மேல் விரலை அழுத்தி வச்சிருங்க, போகஸ் பூட்டு விழும். கடதாசியை எடுத்திட்டு, போனைச் சிலந்திக்கு நேரே கொண்டு வந்து, உடம்பை மட்டும் அரை அங்குலம் முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவா அசைச்சபடி பதினைந்து இருபது படம் தொடர்ச்சியா எடுங்க. அதில் மூன்று நாலு கூர்மையா விழும்.

எந்த லென்ஸ் என்பதும் முக்கியம். கிட்டப் போனதும் பல போன்கள் தானாகவே அகலக்கோண லென்சுக்கு மாறி மெக்ரோ என்று காட்டும். அதுக்கு 3 சென்ரிமீற்றர் தூரம் வரை போக வேண்டியிருக்கும். அவ்வளவு கிட்டப் போனால் போனின் நிழல் சிலந்தி மேல் விழும், மூச்சுக்காற்று வலையை ஆட்டும், கொஞ்சம் தவறினால் போன் வலையில் ஒட்டும். அந்த மாற்றத்தை அமைப்பில் நிறுத்துங்க. பிரதான லென்சில் 2 மடங்கு வச்சு 15 முதல் 20 சென்ரிமீற்றர் தள்ளி நில்லுங்க. படம் சிறிசா வந்தாலும் பிறகு வெட்டிப் பெரிசாக்கலாம். கலங்கின படத்தை எந்தச் செயலியாலும் திருத்த முடியாது.

மஞ்சள் வெளிறுவது. பின்னால் நிழல் இருட்டா இருக்கிறதால் போன் முழுப் படத்துக்கும் வெளிச்சத்தைக் கூட்டுது. அந்த வெள்ளி மயிரும் மஞ்சளும்தான் முதலில் எரிஞ்சு போகும். போகஸ் பூட்டினதும் பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, தலைநெஞ்சின் மயிர் ஒவ்வொன்றாகப் பிரிஞ்சு தெரியும் வரை குறையுங்க. எண் காட்டும் போனென்றால் கழித்தல் 0.7க்கும் கழித்தல் 1க்கும் இடையில் நிற்கும். பின்புலம் கறுத்துப் போகும், போகட்டும். இந்தச் சிலந்திக்குக் கறுப்புப் பின்புலம் மாதிரி அழகு வேறில்லை.

கெமரா. 90 மில்லிமீற்றர் மெக்ரோ கைக்கு வருதென்றால் தயங்காமல் வாங்குங்க. ஆனால் 1:1 அளவுக்கு, அதாவது சிலந்தி தன் நிஜ அளவிலேயே சென்சரில் விழும் அளவுக்குப் போகாதீங்க. முழுச்சட்ட சென்சரில் 1:1இல் லென்சின் துளையை எஃப் 8இல் வச்சால் (எண் கூடினால் துளை சிறிசு) கூர்மையா விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீற்றர்தான். முதுகு கூர்மையானால் கால் கலங்கும். 1:2க்கு, பாதி அளவுக்குப் பின்வாங்கினால் அதே எஃப் 8இல் அது சுமார் 3 மில்லிமீற்றர். சட்டத்துக்குள் 72க்கு 48 மில்லிமீற்றர் இடம் அடங்கும், கால் விரிச்ச சிலந்தி முழுசா, பட்டையோடு சேர்த்து விழும்.

பயப்பட்டு எஃப் 22 வரை போகாதீங்க. கிட்டத்தில் எடுக்கும்போது துளை இன்னும் சிறிசானது போல வேலை செய்யும். ஒளி துளையில் விலகிச் சிதறி முழுப் படமும் மழுங்கும். எஃப் 8 முதல் எஃப் 11 போதும். ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளியுணர்வு) 400 முதல் 800. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவராத இருட்டென்றால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்க, வேகத்தைக் குறைக்காதீங்க. புள்ளி விழுந்த படம் பரவாயில்லை, ஆடின படம் குப்பைக்குத்தான்.

மேலே எட்டுக்கண் ஐயா சொன்ன சாய்வை மறக்க வேண்டாம், படம் கூர்மையாவதும் கெடுவதும் அதில்தான். கெமராவின் பின்பக்கம் வலைக்குச் சமாந்தரமா இருக்கணும். வலை சாய்ஞ்சிருந்தால் கெமராவையும் அதே அளவு சாய்க்கணும். பக்கவாட்டில் போய் ஒரு தடவை வலையின் சாய்வைக் கண்ணால் அளந்திட்டு வாங்க. நேராக நின்று எடுத்தால் தலைப்பக்கம் கூர்மை, வயிற்று நுனி கலங்கல், அல்லது மறுபக்கம். பலர் இதை லென்சின் குறையென்று நினைக்கிறாங்க, குறை கோணத்தில்தான்.

ஒளி. போனின் பிளாஷை நேராக அடிக்க வேண்டாம், வெள்ளி மயிர் கண்ணாடிபோல் திருப்பி அடிக்கும். கெமராவுக்குத் தனி பிளாஷ் இருந்தால் வெள்ளைத் தாள் ஒன்றை வளைச்சு அதன் முன்னால் ஒட்டி, தாளைச் சிலந்தியிலிருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர் தூரத்துக்குக் கொண்டு வாங்க. தாள் கிட்ட வரவர நிழல் மென்மையாகும். பிளாஷ் பலம் 1/16இல் தொடங்கிக் கூட்டிக் குறையுங்க. பலம் குறையக் குறைய அது மின்னும் நேரமும் குறையும், காற்றில் ஆடும் வலையும் அசையாமல் நிற்கும்.

வலை நூல் தெரிய வேணுமென்றால் இதுக்கு நேர்மாறு: சூரியனுக்கு எதிரே நின்று, ஒளி நூலின் பின்னாலிருந்து சரிஞ்சு வரும்படி பாருங்க. இரண்டு மீற்றர் பின்னால் கறுப்புச் சேலையோ கம்பளியோ கொடியில் போட்டால் ஒவ்வொரு ஆரை நூலும் எண்ணலாம். ஒரே படத்தில் சிலந்தியின் நிறமும் நூலின் மினுக்கமும் இரண்டும் வேணுமென்று நின்றால் இரண்டும் அரைகுறையாப் போகும். இரண்டு படமா எடுங்க.

---

தேயிலைச்சரிவு (ஹட்டன்)

மேலே சொன்னதெல்லாம் சரி. காற்று பற்றி யாரும் சொல்லவில்லை.

பண்டாரவளைப் பக்கம் ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் காற்று பகல் முழுக்க அடிக்கும். அந்த மாதங்களில் ஒன்பது மணிக்குப் பிறகு மெக்ரோ எடுக்கப் போவது வீண் வேலை. விடிஞ்சு வெளிச்சம் வந்ததிலிருந்து எட்டு மணி வரைதான் காற்று படுத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பின்னேரம் இருட்டிக் கொட்டும் என்பதால் அப்பவும் காலைதான். விடியற்காலையில் இன்னொரு நன்மை, மூடுபனி. பனி வலையில் முத்துமுத்தாகக் கோத்திருக்கும், நூலெல்லாம் தானாகவே தெரியும்.

தண்ணி தெளித்து எடுங்க என்று யாராவது சொல்வாங்க. வேண்டாம். தெளிப்பான் துளி பனித்துளியைவிடப் பெரிசு, பாரத்தில் சுருள் நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டை விழும். மா தூவுவது அதைவிடக் கேடு, பசை முழுக்க மாவில் மூடி வலை அன்றைக்கு உதவாது. அதுக்கு அன்றைய சாப்பாடே அந்த வலைதான்.

வலையைத் தாங்குகிற சட்ட நூல்கள் ஒரு மீற்றருக்கு மேல் தள்ளிப் பக்கத்துச் செடிவரை ஓடும். வலையைப் பார்த்தபடி நடந்து போய் அந்த நூலை அறுப்பதுதான் அதிகம் நடக்கிறது. முதலில் டோர்ச்சைப் பக்கவாட்டில் அடித்து நூல் எங்கெங்கே கட்டியிருக்கு என்று பாருங்க, பிறகு அடி எடுத்து வைங்க. சில வலைகளில் இரண்டு பக்கமும் குறுக்குமறுக்காகத் தடுப்பு நூலும் இருக்கும்.

போஞ்சிக்கு மருந்தடிக்கிற நாளில் அந்த வரிசையை விட்டிடுங்க. வேலி வெட்ட ஆள் வந்தால் சிவப்புத் துணியொன்று கட்டி, இரண்டு பக்கமும் ஒரு மீற்றர் விடச் சொல்லுங்க.

---

வேலிப்பூ (பண்டாரவளை)

எல்லாருக்கும் மிக்க நன்றி. கடதாசித் துண்டு வித்தை உடனே கைகொடுத்தது. இன்று காலை 6.40க்கு எடுத்ததில் முதுகின் மயிர்கூடத் தெரியுது. எதிர்ப்பக்கம் போய் எடுத்ததில் இரண்டு வெளிர்கோடும் வந்திருக்கு.

இன்னும் மூன்று கேள்வி. வலையின் மேல் மூலையில் ஒரு பொடிச் சிலந்தி, கபில நிறம், பட்டை ஒன்றும் இல்லை. அது குஞ்சா? அடுத்தது, ஒரு தத்துவெட்டி வலையில் விழுந்தபோது சில நொடியில் வெள்ளைப் பொட்டலமாகிவிட்டது, ஒரு படமும் சரியாக வரவில்லை. கடைசியாக, கிட்டப் போனதும் சில நேரம் விழாமல் வலையின் மறுபக்கம் போய்விடுது, அப்போது என்ன செய்வது?

---

எட்டுக்கண் (மாத்தளை)

குஞ்சாகவும் இருக்கலாம், ஆனால் பெரிய பெண்ணின் வலையோரத்தில் பொறுமையாகக் காத்திருப்பது பெரும்பாலும் ஆண்தான். ஆண் 4 மில்லிமீற்றரை ஒட்டியது, மங்கல் நிறம். உறுதிப்படுத்த முகத்தின் முன்னால் இருக்கும் இரண்டு சிறு உணர்கால்களைப் பாருங்கள். நுனி குத்துச்சண்டைக் கையுறை போல் உருண்டிருந்தால் ஆண். கூர்ந்து முடிந்தால் பெண் அல்லது குஞ்சு. இதற்கு அந்த 1:1 படம் உதவும். பொடி உடம்பு, ஆழம் பெரிதாகத் தேவையில்லை. இணைசேர்ந்த பிறகு ஆணைப் பெண் தின்றுவிடுவது இந்தப் பேரினத்தில் சாதாரணம். சில நாளில் அது காணாமல் போனால் கொப்பியில் தேதியைக் குறியுங்கள்.

இரையைப் பொதிவது பார்க்கக் கிடைத்தால் பின்னங்கால்களைக் கவனியுங்கள். தத்துவெட்டி உதைத்துத் துள்ளும், கிட்டப் போனால் அடிபடும். அதனால் சிலந்தி கடிக்காமல் முதலில் பொதியும். ஓடிவந்து, வயிற்று நுனியை இரைப்பக்கம் திருப்பி, கடைசி இரண்டு காலாலும் மாறிமாறி நூலை இழுத்து எறியும். வருவது ஒற்றை நூல் அல்ல, நூற்றுக்கணக்கான இழைகள் சேர்ந்த அகலமான வெள்ளைத் துணி. அதை இரை மேல் போர்த்தி, உருட்டி, கை கால் அடங்கின பிறகுதான் கடிக்கும். வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் விழுந்தால் வரிசை மாறும், முதலில் கடி, பிறகு பொதி. அவற்றின் சிறகுச் செதில் உதிர்ந்து வலையில் ஒட்டிக்கொள்ள, பூச்சி நழுவித் தப்பிவிடும், பொதிய நேரமில்லை. இந்த வித்தியாசத்தை ஒரே வாரத்தில் உங்கள் வலையிலேயே இரண்டு விதமாகவும் காணலாம். தயவுசெய்து நீங்களாகப் பூச்சியைப் பிடித்து எறிய வேண்டாம். பெரிய வண்டை எறிந்தால் வலை கிழியும், குறிப்பும் பொய்யாகும்.

இனி ஒன்றைக் கண்வைத்திருங்கள். வயிறு நாளுக்கு நாள் உப்பி, பிறகு ஒரு காலையில் சட்டென்று சுருங்கியிருந்தால் முட்டையிட்டுவிட்டது. வலையைச் சுற்றி ஒரு மீற்றருக்குள் இலைகளின் அடியில் நூலால் கட்டிய பை தேடுங்கள். உள்ளே முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். குஞ்சுகள் பைக்குள்ளேயே பொரித்து, ஒருமுறை தோலுரித்து, அதன் பிறகே வெளியே வந்து நூலைப் பறக்கவிட்டுக் காற்றில் போகும். பையின் பக்கவாட்டில் குண்டூசித் துளை போல ஒன்று கண்டால் உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்து வெளியேறியிருக்கக்கூடும். அதையும் படமெடுங்கள், அதுவும் பதிவுதான். பை இருக்கும் கிளையை வெட்ட வேண்டாம்.

---

நிழல்தாள் (கண்டி)

பொதிவதைப் படமா எடுக்காதீங்க, காணொளியா எடுங்க. போனில் நொடிக்கு 120 சட்டம் வைங்க. 240 வேண்டாம், காலை வெளிச்சத்துக்கு இருட்டிப் போகும். சின்ன முக்காலி ஒன்றில் போனை வலைக்குச் சமாந்தரமா பூட்டி, சிலந்தி நடுவில் இருக்கும்போதே போகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிடுங்க. இரை எங்கே விழுந்தாலும் அதே வலைத் தளத்தில்தான் விழும் என்பதால் கூர்மை மாறாது. முழு வலையும் சட்டத்துக்குள் வரட்டும்.

மறுபக்கம் தாவினால் துரத்திப் போகாதீங்க. நீங்கள் சுத்தி வந்தால் அது திரும்ப இந்தப் பக்கம் வரும், இப்படியே காலை முடிஞ்சிடும். நின்ற இடத்திலேயே அடிவயிற்றை எடுத்திட்டு, ஒரு மீற்றர் பின்வாங்கி அசையாமல் நில்லுங்க. கீழே விழுந்தாலும் அதேதான். விழும்போது பின்னால் ஒரு நூல் விட்டபடிதான் இறங்கும், கால் மணி நேரத்துக்குள் அதைப் பிடிச்சே மேலே வந்திடும். விழுந்த இடத்தில் இலையை விலக்கித் தேடினால் அந்த நூல் அறுந்துபோகும். அதுக்குக் கண்பார்வை மந்தம், அதிர்வுதான் எல்லாம். அதனால் கழுத்தில் தொங்கும் கெமராப் பட்டி, துப்பட்டா நுனி, தொப்பி விளிம்பு மூன்றையும் முதலில் ஒதுக்கிக் கட்டுங்க. வலையைத் தொடுவது அநேகமா இவைதான்.

எடுத்ததில் முதுகு, அடிவயிறு, பக்கவாட்டு, முழு வலை என்று நாலு படத்தையும் ஒரே பதிவா ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றி, நாள், நேரம், உயரம் போடுங்க. வலையைத் தொடாமல் பக்கத்தில் ஓர் அடிமட்டம் பிடித்து எடுத்த ஐந்தாவது படமும் சேர்த்தால் அளவு பற்றிக் கேள்வி வராது. வீட்டு முகவரி தெரியாதபடி இடத்தை மறைத்துக் காட்டும் வசதி அதில் இருக்கு, அதைப் போட்டுவிடுங்க.